நிகான் டி1: இன்றைக்கு எந்தத் தராசில் நிறுப்பது?

திண்ணைக்கேமரா எழுதியது:

வணக்கம். பழைய சாமான் கடை ஒன்றில், தந்தி அறுந்த வீணைக்கும் ஒரு வால்வு ரேடியோவுக்கும் நடுவில் நிகான் டி1 என்ற பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று கிடந்தது. கடைக்காரர் 3,000 ரூபாய் சொன்னார், பேசி 1,800-க்கு வாங்கி வந்தேன். கூடவே ஒரு பேட்டரி, சார்ஜர், 128 எம்பி கார்டு. கைப்பிடியில் ரப்பர் உரிந்திருக்கிறது. அடியில் ஏதோ அலுவலகத்தின் சொத்து எண் எழுதிய சீட்டு, பாதி கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டி ஆன் செய்தேன். உயிர் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், இன்னொரு பக்கம் குப்பை என்கிறார்கள். இரண்டுமே எனக்கு உதவவில்லை. இதை வைத்துத் தொழில் செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று சொல்லுங்கள். நானும் கொஞ்சம் படம் எடுத்துவிட்டு வருகிறேன்.

பிக்சல்பித்தன் எழுதியது:

2000-க்கு 1312. மொத்தம் 27 லட்சம் பிக்சல் கூட இல்லை. என் போனில் 5 கோடி. ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 200-ல் ஆரம்பித்து 1600-ல் முடிந்துவிடும். 2 அங்குலத் திரை. வீடியோ கிடையாது. 1,800 ரூபாய்க்கு நல்ல பேப்பர் வெயிட் வாங்கியிருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

இருட்டறைக்காரன் எழுதியது:

பேப்பர் வெயிட் என்றது சரிதான் தம்பி. பேட்டரி போடாமலே 1.1 கிலோ.

நான் ஒரு நாளிதழில் 27 வருடம் படம் எடுத்தவன். அதில் கடைசிப் பாதி டிஜிட்டல். டி1 வருவதற்கு முன்னால் எங்கள் பிழைப்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் இந்தக் கேமராவை நிறுத்துப் பார்க்க முடியாது. வெளியூர் போனால் பெட்டியில் துணியைவிட டெவலப்பர், ஃபிக்ஸர் பாட்டில்தான் அதிகம் இருக்கும். லாட்ஜ் குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, ரோலைக் கழுவி, ஹேர் டிரையரில் காயவைத்து, ஃபிலிம் ஸ்கேனரில் ஒரு ஃபிரேமை ஏற்றி, லாட்ஜ் தொலைபேசி வயரைக் கழற்றி மோடத்தில் சொருகி அனுப்புவோம். லைன் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. ஒரு கலர் படம் ஆபீஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனால் அன்றைக்கு நல்ல நாள்.

டிஜிட்டல் கேமரா அப்போதும் இருந்தது. கோடாக் 1991-ல் நிகான் எஃப்3 உடம்பில் பொருத்திக் கொண்டுவந்த டிசிஎஸ்ஸில் 13 லட்சம் பிக்சல். படத்தைச் சேமிக்கிற பெட்டி தனி, 200 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு தோளில் தொங்கும். அப்புறம் 1994-ல் ஏபி செய்தி நிறுவனமும் கோடாக்கும் சேர்ந்து என்சி2000 கொண்டுவந்தார்கள், அதிலும் 13 லட்சம் பிக்சல்தான், விலை 17,000 டாலர் சுற்றுவட்டாரம். 1998-ல் கேனான் உடம்பில் கோடாக்கின் டிசிஎஸ் 520, 20 லட்சம் பிக்சல், அதுவும் 10,000 டாலருக்கு மேல். எங்களைப் போன்ற பத்திரிகைக்கு இதெல்லாம் விலைப்பட்டியலில் பார்த்து ரசிக்கிற சமாச்சாரம்.

டி1-ஐ நிகான் அறிவித்தது 1999 ஜூன் மாதம். ஜப்பானில் 6,50,000 யென். அமெரிக்காவில் 5,000 டாலரை ஒட்டி. பிக்சல் கூடியிருக்கிறது, விலை பாதிக்கும் கீழே, கையில் பிடித்தால் நிகானின் ஃபிலிம் கேமரா எஃப்5 மாதிரி இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் படங்கள் வந்து குவிந்தபோதுதான் எங்கள் ஆசிரியருக்கே ஆசை வந்தது. 2001 ஆரம்பத்தில் இரண்டு வந்தன. எட்டுப் பேருக்கு இரண்டு. அதற்காக நடந்த சண்டையை எழுதினால் தனி இழை வேண்டும்.

இப்போது அந்த 27 லட்சத்துக்கு வருவோம். செய்தித்தாள் காகிதத்தில் படம் அச்சாவது அங்குலத்துக்கு 85 முதல் 100 கோடு என்ற கணக்கில். அதற்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் கொடுத்தால் தாராளம். 2000-ஐ 200-ஆல் வகுத்தால் 10 அங்குலம். எட்டுப் பத்தித் தாளில் ஆறு பத்தி அகலத்துக்குப் படம் போடலாம். நீங்கள் 5 கோடி பிக்சல் கொடுத்தாலும் அந்தக் காகிதத்தில் இதைவிடக் கூடுதலாக ஒரு மயிரிழையும் தெரியாது. ஆகவே எங்களுக்குப் பிக்சல் குறையாகவே தோன்றவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மின்சாரம் எழுதியது:

ஐயா சாப்பிட்டு வருவதற்குள் சென்சார் பற்றிக் கொஞ்சம்.

வெளியே சொன்ன கணக்கு 27 லட்சம். ஆனால் அந்தச் சிசிடி சென்சாருக்குள் ஒளியை வாங்கும் குழிகள் 1 கோடியே 8 லட்சம்! நான்கு குழிகளைச் சேர்த்து ஒரே பிக்சலாகப் படித்தார்கள். தண்ணீர் பிடிக்க நாலு சின்னச் சொம்புக்குப் பதில் ஒரு குடம் வைத்ததுபோல. குடம் பெரிதானால் ஐஎஸ்ஓ 200-ல் சுத்தமான படம் கிடைக்கும், படிக்க வேண்டிய தரவும் குறையும். அன்றைய மெமரியையும் பிராசசரையும் வைத்துக்கொண்டு நொடிக்கு 4.5 படம் என்று தொடர்ந்து 21 படம் எடுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்த ரகசியம் 2001-ல் டி1எக்ஸ் வந்தபோதுதான் அர்த்தப்பட்டது. அதில் நான்குக்குப் பதில் இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். கிடைத்தது 4024-க்கு 1324. அதாவது ஒவ்வொரு பிக்சலும் சதுரமாக இல்லாமல், நிறுத்தி வைத்த செங்கல் மாதிரி அகலத்தைவிட இரு மடங்கு உயரம். அதைக் கேமராவே கணக்குப் போட்டு நீட்டி 3008-க்கு 1960 என்று கொடுத்தது. கிடைமட்டத்தில் உண்மையான விவரம், செங்குத்தில் பாதி கற்பனை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எனக்குப் பழைய டி1-இன் நேர்மை பிடிக்கும்.

இன்னொன்று, இந்தக் கேமராவில் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும் விஷயம்: ஃப்ளாஷ் ஒத்திசைவு 1/500. சாதாரண ஷட்டரில் இரண்டு திரைகள் ஓடும். வேகத்தைக் கூட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கீற்றுதான் திறந்திருக்கும், ஃப்ளாஷ் அடித்தால் அந்தக் கீற்று மட்டும் வெளிச்சமாகும். அதனால்தான் பெரும்பாலான கேமராக்கள் 1/250-ல் நின்றுவிடும். டி1-இல் வேகம் கூடும்போது திரை முழுக்கத் திறந்தே இருக்கும். சிசிடிதான் மின்சாரத்தால் கண் விழித்து மூடிக்கொள்ளும். அதே உத்தியால்தான் ஷட்டர் 1/16000 வரை போனது.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200-க்கு எஃப்/16 என்பது பழைய வாய்ப்பாடு. எஃப் எண் பெரிதானால் லென்ஸின் வாய் சுருங்கும். 1/250-ல் ஃப்ளாஷ் போட எஃப்/14 வைக்க வேண்டும், 1/500-ல் எஃப்/10 போதும். ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி வித்தியாசம். முகத்து நிழலைப் போக்க ஃப்ளாஷ் பாதி சக்தி செலவழித்தால் போதும், அல்லது ஆள் இன்னும் தள்ளி நிற்கலாம். இதே உத்தி பின்னால் டி70, டி40 வரை வந்தது, சிமாஸ் என்ற வேறு வகைச் சென்சார் வந்ததும் போய்விட்டது.

பிக்சல்பித்தன் எழுதியது:

1/16000 யாருக்கு வேண்டும்? துப்பாக்கிக் குண்டையா படம் எடுக்கப் போகிறார்கள்?

மின்சாரம் எழுதியது:

குண்டு இல்லை, எஃப்/2. இந்தக் கேமராவில் 200-க்குக் கீழே ஐஎஸ்ஓ கிடையாது. வெயிலில் நின்று பின்னணியைக் கரைத்து எடுக்க எஃப்/2 திறந்தால் 1/12800 தேவைப்படும். 1/8000-ல் நிற்கும் கேமராவில் எஃப்/2.8 வரைதான் திறக்கலாம். திண்ணைக்கேமரா தன் 50 மி.மீ. லென்ஸை நடு மத்தியானத்தில் திறந்து பார்க்கட்டும்.

திண்ணைக்கேமரா எழுதியது:

பார்த்தேன். பின்னணி அழகாகக் கரைந்தது. ஆனால் எதிர் வீட்டுத் தாத்தாவின் வேட்டியும் கரைந்துவிட்டது! கரை மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது, அதற்கு மேலும் கீழும் வெறும் வெள்ளை. மடிப்பு இல்லை, நிழல் இல்லை, துணி என்றே தெரியவில்லை. காற்றில் ஒரு பச்சைக் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு கால். இது என் தவறா, கேமராவின் குணமா?

கரைவேட்டி எழுதியது:

என் பெயரைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று தெரிந்திருக்கும்.

இரண்டும்தான் தம்பி. நெகட்டிவ் ஃபிலிமில் பழகிய கை இரண்டு ஸ்டாப் கூட வெளிச்சம் கொடுத்தாலும் லேப்காரர் காப்பாற்றிவிடுவார். டி1 அப்படியில்லை, ஸ்லைடு ஃபிலிம் மாதிரி. வெள்ளை ஒரு தடவை போனால் போனதுதான். 2003-ல் ஒரு டி1 பழையதாக வாங்கிக் கல்யாணம் எடுக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் பூராவும் வேட்டி வெளுக்கிற வேலைதான்.

சரி, வெளிச்சத்தைக் குறைத்து எடுப்போம் என்று முக்கால் ஸ்டாப் குறைத்தேன். வேட்டி மடிப்பு வந்துவிட்டது. ஆனால் பட்டுப் புடவையின் கருநீலமும் மாப்பிள்ளையின் தலைமுடியும் இருட்டுக்குள் போயின. ஃபோட்டோஷாப்பில் அந்த இருட்டைத் தூக்கினால், உள்ளே நூல் கண்டு பிரித்ததுபோல மெல்லிய கோடுகள். புள்ளியாக இருந்தால் ஃபிலிமின் மணல் என்று சொல்லிச் சமாளிக்கலாம், கோட்டை என்னவென்று சொல்வது? ஐஎஸ்ஓ 200-ல் பிரச்சினை இல்லை. 800-ல் தொட்டால் தெரியும், 1600-ல் தொடாமலே தெரியும். மேலே போனால் வெளுப்பு, கீழே போனால் கோடு. நடுவில் இருக்கிற ஒற்றையடிப் பாதையில் நடக்கப் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஆனால் என்னைக் கேட்டால் டி1-இன் பெரிய குறை வெளுப்பும் இல்லை, பிக்சலும் இல்லை. நிறம். முகத்தில் ஒரு மெஜந்தா ஏறும். மணமேடைக்கு மேலே டியூப் லைட், பக்கத்தில் வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கு, நடுவில் ஹோமப் புகை. இந்தக் கலவையில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தலை சுற்றிப்போகும். பெண்ணின் அப்பா வெற்றிலை போட்டு வாயைத் துடைக்காமல் முகம் பூராவும் தேய்த்துக்கொண்டதுபோல வந்தார். கூட்டத்தில் வெளிர் நிறத்துக்காரர் இருந்தால் அவர் நேராகப் பன்னீர் ரோஜா.

இதில் ஒரு பாதிக் காரணம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. நிறவெளி என்பது கோப்பில் உள்ள எண்ணை எந்த நிறமாகப் படிப்பது என்ற விதி. டி1-இன் ஜேபெக் கோப்புகள் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இல்லை, அடோபி ஆர்ஜிபியிலும் இல்லை. பழைய அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக 1953-ல் வகுத்த என்டிஎஸ்சி நிறவெளியில் இருந்தன. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துத் திறக்கும், நிறம் வெளிறும், சாயல் மாறும். ஃபோட்டோஷாப்பில் அசைன் புரொஃபைல் போய் என்டிஎஸ்சி 1953 என்று கொடுத்து, அதன் பிறகு எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றினால் பாதி நோய் அங்கேயே தீரும். இதை ஒரு ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்து, இரவு கார்டு முழுவதையும் அதில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போவேன். டி1எக்ஸ், டி1எச் வந்தபோது நிகானே இதைச் சரிசெய்துவிட்டது.

ஃப்ளாஷ் கதை தனி. கேமரா தானாக அளந்து ஃப்ளாஷ் அடிக்க வேண்டுமென்றால் புதிதாக வந்த எஸ்பி-28டிஎக்ஸ் வேண்டும். என்னிடம் இருந்தது வெறும் எஸ்பி-28. பெயரில் இரண்டு எழுத்துதான் குறைவு, டிடிஎல் என்கிற அந்தத் தானியங்கி அளவு கிடையாது. கடைசியில் அதன் முகப்பில் உள்ள, ஒளியை அளக்கும் கண்ணை நம்பி ஏ முறையில் வைத்தே எல்லாக் கல்யாணமும் எடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பழைய முறையே சீராக இருந்தது.

இருட்டறைக்காரன் எழுதியது:

கரைவேட்டி சொன்ன நிறத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் பக்க வடிவமைப்பாளர் "உங்க ஆள் எல்லாருக்கும் காய்ச்சலா?" என்று கேட்பார். நாளிதழ் மையில் அதில் பாதி மறைந்துவிடும் என்பதால் தப்பித்தோம்.

சேப்பாக்கம் கதையைச் சொல்கிறேன். 2001 மார்ச், ஆஸ்திரேலியாவுடன் கடைசி டெஸ்ட், கடைசி நாள். இந்தியாவுக்கு 155 வேண்டும். எட்டு விக்கெட் போய்விட்டது. எனக்கு அன்று டி1, 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸோடு. சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால் அந்த லென்ஸின் பார்வை 450 மி.மீ. ஆகிவிடும், வெளிச்சம் மட்டும் அதே எஃப்/2.8. 450 மி.மீ. எஃப்/2.8 என்று ஒரு லென்ஸைக் காசு கொடுத்து வாங்கப் போனால் வீட்டை அடகு வைக்க வேண்டும். விளையாட்டுக்காரர்களுக்கு இந்தக் குறுகல் வரமாகவே இருந்தது.

மெக்ராத் ஓடிவந்தார். நான் அவர் ஓட ஆரம்பிக்கும்போதே விரலை அழுத்திவிட்டேன். எஃப்5 பழக்கம். அது நொடிக்கு 8 படம் எடுக்கும், 36 முடிந்தால் ரோல் சுற்றிக்கொள்ளும், அடுத்த தோளில் இன்னொரு எஃப்5 இருக்கும். டி1-இல் 21 படம், ஐந்து நொடி கூட இல்லை. ஹர்பஜன் வெற்றி ரன்னை அடித்தது படத்தில் விழுந்தது, ஓடியது விழுந்தது. கையைத் தூக்கிக் குதித்தபோது கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன விளக்கு மினுக்மினுக் என்று எரிந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது. எப்போது அழுத்துவது என்று அன்றைக்குத்தான் கற்றேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கார்டைக் கழற்றி, பின்னால் நின்ற ஆபீஸ் பையனிடம் கொடுத்தேன். அவன் டிவிஎஸ் 50-இல் போய்ச் சேர்ந்து இருபது நிமிடத்தில் ஓடுகிற படம் பக்கத்தில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஃபிலிமில் எடுத்த நண்பருக்குக் குதிக்கிற படம் கிடைத்தது, என்னுடையதைவிட நூறு மடங்கு நல்ல படம். அது வெளியூர்ப் பதிப்புக்குப் போய்ச் சேரவில்லை. திருநெல்வேலிக்காரர்கள் மறுநாள் காலையில் பார்த்தது என் சுமார் படத்தை. எது நல்ல கேமரா என்று என்னைக் கேட்டால் எனக்கு அந்த இரண்டு படமும்தான் ஞாபகம் வரும்.

நெய்தல் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நான் பத்திரிகைக்காரி இல்லை, பொழுதுபோக்குக்குப் படம் பிடிப்பவள்.

இருட்டறைக்காரன் அண்ணை வரம் என்று சொன்னது எங்களுக்குச் சாபமாக இருந்தது. 20 மி.மீ. லென்ஸ் போட்டால் 30 மி.மீ. மாதிரித்தான் தெரியும். வீட்டுக்குள் ஒரு குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்கப் பின்னுக்குப் போய்ப் போய் முதுகு சுவரில் இடிக்கும். டி1 வந்த காலத்தில் 17-35 மி.மீ. லென்ஸ் ஒன்று நிகான் விட்டது, நல்ல லென்ஸ், விலையும் கல்லு மாதிரி. அதுகூட 25 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். சின்ன சென்சாருக்கென்றே 12-24 மி.மீ. வருவதற்கு 2003 ஆகிவிட்டது. மூன்று நான்கு வருடம் அகலப்படம் பிடிக்கிற ஆட்கள் ஃபிலிம் கமராவையும் கூடவே காவித் திரிந்தார்கள்.

நான் எழுத வந்தது வேறு. அந்த மெஜந்தாவைத் திட்டுகிறீர்கள், அதில் ஒரு பங்கு அகச்சிவப்புக் கதிர் உள்ளே கசிவதால் வருவது என்று நினைக்கிறேன். டி1-இன் சென்சாருக்கு முன்னால் இருக்கிற வடிகட்டி அவ்வளவு கண்டிப்பானதில்லை. கறுப்பு நைலோன் துணி ஊதாவாக வருவதும் அதனால்தான். அதையே நான் பயன்படுத்திக்கொண்டேன். ஆர்72 என்ற கருஞ்சிவப்பு ஃபில்டரை லென்ஸில் மாட்டினால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கமராவுக்குத் தெரியும். இலை எல்லாம் பனி விழுந்தது மாதிரி வெள்ளை, வானம் கறுப்பு. புதுக் கமராக்களில் இதற்கு அரை நிமிடம் ஒரு நிமிடம் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கமராவைப் பிரித்து வடிகட்டியைக் கழற்ற வேண்டும். டி1-இல் நல்ல வெயில் இருந்தால் அந்தப் பாடெல்லாம் இல்லை. ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பனங்கூடலை இப்படி எடுத்தேன். ஓலை முழுக்க வெள்ளி. அம்மா பார்த்துவிட்டு, "இதென்ன, பனைக்கு நரைச்சுப் போச்சா?" என்றா.

பிக்சல்பித்தன் எழுதியது:

அகச்சிவப்பு விஷயம் உண்மையிலேயே தெரியாது, நன்றி அக்கா. பேப்பர் வெயிட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். எல்லாக் கட்டுரையிலும் "ஒரே நிறுவனம் முழுதாகச் செய்த முதல் தொழில்முறை டிஜிட்டல் எஸ்எல்ஆர்" (லென்ஸில் தெரிவதையே உள்ளே ஒரு கண்ணாடி வழியாகக் காட்டும் கேமரா) என்று எழுதுகிறார்களே, அது சரியா?

மின்சாரம் எழுதியது:

அந்த "முதல்" என்ற சொல்லுக்குப் பின்னால் நிறைய நிபந்தனைகள் இருக்கும், ஜாக்கிரதை. 1995-ல் மினோல்டாவிடம் ஆர்டி-175 இருந்தது, உள்ளே மூன்று சிசிடி. அதே வருடம் நிகானும் ஃபியூஜியும் சேர்ந்து இ2 செய்தார்கள். அதில் சின்ன சென்சாருக்குப் பிம்பத்தைச் சுருக்கித் தர உள்ளே ஒரு லென்ஸ் தொகுதி வைத்தார்கள். பார்வைக் கோணம் குறுகாது, நெய்தல் கேட்டது கிடைத்தது. ஆனால் நீங்கள் எஃப்/1.4 லென்ஸ் போட்டாலும் எஃப்/6.7-க்கு மேல் திறக்காது. உடம்பு செங்கல் சூளையில் அறுத்தது மாதிரி.

டி1-ஐ நான் வேறு மாதிரிச் சொல்வேன். கோடாக் கேமராக்களில் ஒரு ஃபிலிம் கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் ஒட்டவைத்ததுபோல இருக்கும், எங்கே ஒட்டினார்கள் என்று கைக்குத் தெரியும். டி1-இல் அந்தத் தழும்பு தெரியாது. எஃப்5-இன் 1005 பிக்சல் ஒளிமானி, ஐந்து புள்ளி ஆட்டோஃபோகஸ், ஆன் செய்ததும் தயார். எஃப்5 வைத்திருந்தவர் பத்து நிமிடத்தில் கையாளுவார். அது முதலா இரண்டாவதா என்பது எனக்கு முக்கியமில்லை.

கரைவேட்டி எழுதியது:

மெனுவைத் தவிர! அமைப்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். 5-ஐ 1 ஆக்கு, 22-ஐ 0 ஆக்கு என்று. கையேட்டின் அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்து, மடித்து, பர்ஸில் ரேஷன் கார்டு நகலோடு வைத்திருந்தேன்.

இருட்டறைக்காரன் எழுதியது:

அப்புறம் தூசி. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதுத் தாள் வருகிறது, தூசி ஒரு படத்தோடு போய்விடும். சென்சாரில் உட்கார்ந்த தூசி நாள் முழுக்க எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் இருக்கும். எங்கள் ஆபீசில் அதற்குக் காக்கா என்று பெயர். "இன்னிக்கு ரெண்டு காக்கா" என்றால் எல்லாருக்கும் புரியும். துடைக்க வேண்டுமென்றால் ஏசி அடாப்டரைச் சொருகி, உள்ளே கண்ணாடியைத் தூக்கி நிறுத்த வேண்டும். மைதானத்தில் எங்கே போய் பிளக் தேடுவது?

அட்டைப்படம் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒரு மாற்றுக் கருத்து. பிக்சல் குறையே இல்லை என்று ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார், அது நாளிதழுக்கு மட்டும். நான் வார இதழில் இருந்தவன். அட்டை 8 அங்குல அகலம், 11 அங்குல உயரம். வழவழ காகிதத்தில் அங்குலத்துக்கு 300 பிக்சல் கேட்பார்கள். டி1-ஐச் செங்குத்தாகப் பிடித்தால் அகலம் 1312. எட்டால் வகுத்துப் பாருங்கள், 164. நடிகையின் கண் இமை முடி படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும். நாங்கள் 2004 வரை அட்டைக்கு ஸ்லைடுதான் போட்டோம், உள் பக்கத்தில் அரைப்பக்கம், கால்பக்கத்துக்கு மட்டும் டி1. 300 கணக்கில் அது 6.7 அங்குலம் வரைக்கும்தான் தாங்கும்.

பத்திரிகைக்கு ஏற்ற கேமரா என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நாளைக்குப் பழைய தாளாகிற பத்திரிகைக்கு ஏற்ற கேமரா. சலூனில் மூன்று மாதம் கிடக்கிற பத்திரிகைக்கு இல்லை.

இருட்டறைக்காரன் எழுதியது:

அட்டைப்படம் சொல்வது நியாயம். என் வாக்கியத்தில் "நாளிதழுக்கு" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஆபீசில் அந்த அரைப்பக்கங்களுக்கு மாதம் எத்தனை ரோல் மிச்சமானது என்று கணக்காளரைக் கேட்டிருந்தால் அவர் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பார். எங்கள் கணக்காளர் டி1-க்கு மாலையே போட்டிருப்பார்.

அட்டைப்படம் எழுதியது:

கணக்காளர் பேச்சைக் கேட்டு எடுத்த அட்டைகளும் உண்டு ஐயா. அவற்றை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

திண்ணைக்கேமரா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

கரைவேட்டி அண்ணன் சொன்னபடி முக்கால் ஸ்டாப் குறைத்தேன். தாத்தாவுக்கு வேட்டி திரும்பக் கிடைத்துவிட்டது. ஜேபெக்கை விட்டுவிட்டு கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து ரா தெரபி என்ற மென்பொருளில் திறந்தேன். ஒரு கோப்பு 4 எம்பிதான், கண் இமைப்பதற்குள் திறக்கிறது. தோல் நிறம் அங்கே பெருமளவு சரியாகிவிட்டது, என்டிஎஸ்சி வம்பே இல்லை. அன்றைக்கு இருந்த மென்பொருள் பாதிக் குற்றவாளியோ என்று தோன்றுகிறது. நிழலில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது, அது சென்சாரோடு பிறந்ததுபோல.

4 ஜிபி கார்டு போட்டேன், கேமரா கண்டுகொள்ளவே இல்லை.

பெரிய பிரச்சினை பேட்டரி. நேற்று இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். காலையில் 41 படம். 42-வதுக்குக் கண்ணாடி மேலே போனது, கீழே வரவில்லை. வ்யூஃபைண்டர் இருட்டு. ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். புதுப் பேட்டரி எங்கேயாவது கிடைக்குமா?

மின்சாரம் எழுதியது:

2 ஜிபிக்கு மேல் போகாதீர்கள், அது ஃபேட்16 என்ற பழைய கோப்பு முறைக் காலத்துக் கேமரா.

கண்ணாடி மேலே நின்றது பேட்டரி செத்ததால்தான், சார்ஜ் ஏறியதும் இறங்கிவிடும். இஎன்-4 பேட்டரி, 7.2 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. உள்ளே 1.2 வோல்ட் செல் ஆறு வரிசையாக இருக்கும். பழைய அசல் பேட்டரியைத் தேடி வாங்காதீர்கள், அலமாரியில் கிடந்தே செத்திருக்கும். உறையைப் பிரித்து ஆறு செல்லையும் புதிதாக மாற்றுவதுதான் வழி. செல்லில் நேரடியாக ஈயம் வைக்காமல், பட்டை ஒட்டிய செல்லாக வாங்குங்கள், சூடு பட்டால் கெட்டுவிடும்.

கரைவேட்டி எழுதியது:

புதுசாக இருந்தபோதே அந்தப் பேட்டரி ஒரு முகூர்த்தம் தாங்காது தம்பி. நான் மூன்று வைத்திருந்தேன். தாலி கட்டும்போது ஒன்று, பந்தியில் ஒன்று, மூன்றாவது மேடைக்குப் பின்னால் நாதஸ்வரக்காரரின் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் சார்ஜரில். ஒரு தடவை யாரோ அதைப் பிடுங்கிவிட்டுப் போனைச் சொருகிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டியது என் வேலை. வரவேற்பில் பாதிப் படம் பக்கத்து ஸ்டுடியோக்காரரிடம் கைமாற்று வாங்கிய ஃபிலிம் கேமராவில்.

சார்ஜரில் ரிஃப்ரெஷ் பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். பேட்டரியை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றும். இரண்டு மூன்று தடவை செய்தால் 41 என்பது 60, 70 ஆகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

திண்ணைக்கேமரா எழுதியது:

அழுத்திவிட்டேன் அண்ணே. சிவப்பு விளக்கு எரிகிறது. எவ்வளவு நேரம் ஆகும்?

கரைவேட்டி எழுதியது:

தூங்கி எழுந்து வந்து பாருங்கள்.